வினா எண் ஐந்து

முனைவர் பட்ட ஆய்வுக்கு என்னைத் தேர்ந்தெடுத்த நேர்காணலில் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். முதல் கேள்வி, "உங்க தலைப்பு என்ன?" நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் பேராசிரியர் கருத்தக்கண்ணன் விண்ணப்பத்தில் அப்சல் என்ற என் பெயரைப் படித்துவிட்டார். இரண்டாவது கேள்வி, "பிரியாணி நல்லாப் போடுவீங்களா?"

"போடுவேன் சார்" என்றேன்.

எனக்கு அப்போது முட்டை அவிக்க மட்டும் தெரியும். ஆனால் உதவித்தொகையோடு இருந்தது ஒரே ஒரு இடம். வெளியே பதினான்கு பேர் நின்றார்கள். என் முதல் ஆய்வு முடிவு அதுதான்: கேட்கிறவருக்கு என்ன பதில் வேண்டுமோ, அது கேள்விக்குள்ளேயே இருக்கும்.

அன்று சாயங்காலம் உத்தமபாளையத்தில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டு, ஒரு கிலோ சீரக சம்பாவுக்கு எத்தனை வெங்காயம் என்று கேட்டேன்.

"ஏன்டா, நீ டாக்டருக்குப் படிக்கப் போனியா, கல்யாண வீட்டுல ஆக்கிப் போடுற பண்டாரி வேலைக்குப் போனியா?" என்றாள் அம்மா.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. அளவைச் சொல்லு."

தேனியில் என் அறையில் ஒரு கரண்டு அடுப்பு இருந்தது. அதில் மூன்று வாரம் பயிற்சி எடுத்தேன். முதல் வாரம் குழைந்தது, இரண்டாவது வாரம் அடிப்பிடித்தது. மூன்றாவது வாரம் செய்ததைப் பேராசிரியர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, என் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டில் வழிகாட்டல் நடந்தது. நான் அடுப்படியில் நிற்பேன். அவர் கூடத்தில் பேப்பர் படித்தபடி வழிகாட்டுவார். "வெங்காயம் இன்னும் பொடுசா இருக்கணும் அப்சல்." அதை என் ஆய்வு நாட்குறிப்பில், 'வழிகாட்டியுடன் நான்கு மணி நேரக் கலந்துரையாடல், தரவுகளை நுணுக்கமாகப் பகுக்க அறிவுறுத்தினார்' என்று எழுதுவேன். அவர் பச்சை மையில் கையெழுத்திடுவார். பொய் என்று எதையும் சொல்ல முடியாது. அறைக்குத் திரும்பி நான் சாப்பிட்டது ரசம் சோறு.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக் குழு கூடி என் முன்னேற்றத்தை மதிப்பிட வேண்டும். விதிப்படி நான் இருபது நிமிடம் பேச வேண்டும். முதல் கூட்டத்தில் ஆறாவது நிமிடம் குழு உறுப்பினர் ஒருவர் சன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். "பிரியாணி தம் உடைச்சாச்சா?" என்றார். பதினான்கு நிமிடம் மிச்சமாயிற்று. சாப்பிட்டுவிட்டுப் படிவத்தில் எழுதினார்கள்: 'ஆய்வு முன்னேற்றம் திருப்திகரம். உப்பு சற்றுக் குறைவு.'

யாரோ ஏப்பத்தோடு எழுதிய அந்தப் படிவம் பல்கலைக்கழகத்துக்குப் போய், வட்ட முத்திரையோடு திரும்பி வந்தது. அடுத்த கூட்டத்தின் படிவத்தில் 'முந்தைய கூட்டத்தில் சுட்டப்பட்ட குறை களையப்பட்டதா?' என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் பெண்கள் மதியம் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. தலைப்பில் சாப்பாடு இருந்ததால்தான் எங்கள் பொருளியல் துறை அதை ஏற்றுக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன்.

காமயகவுண்டன்பட்டியில் மொக்கம்மாள் அக்காவைப் பார்த்திருக்காவிட்டால் அந்த ஆய்வு நடந்திருக்காது. தோட்டக்காரர்கள் என்னை வருமான வரி ஆபீஸ் ஆள் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தினார்கள். அக்கா என் கையிலிருந்த வினாத்தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். படித்து முடித்துவிட்டு, "சாப்பாட்டக் கேக்க இம்புட்டுத் தாளா?" என்றார். பிறகு தோட்டம் தோட்டமாகக் கூட்டிப் போனார். இரண்டு பருவம் அவர் பின்னால் பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு எண்பத்தாறு கேள்விகள். தலையை அண்ணாந்து, கையை மேலே நீட்டி, கொத்தில் வீணான காயைக் கிள்ளிக்கொண்டே பதில் சொன்னார்கள். மதியம் தூக்குவாளியைத் திறந்து பெரும்பாலோர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

"உக்காந்து சாப்பிடலாமேக்கா?" என்று கேட்டேன். அது வினாத்தாளில் இல்லாத கேள்வி.

"எங்கன உக்கார? மேல அடிச்ச மருந்து பூராம் சொட்டிக் கீழதான கெடக்கு. சேலையில ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும்" என்றார் அக்கா.

என் ஆய்வேட்டில் உருப்படியான ஒரே வரி அதுதான். அட்டவணை 4.7. இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று முப்பத்தோரு பேர் நின்றபடி உண்கிறார்கள்.

கடைசி நாள் அக்கா கேட்டார்: "எப்பயும் நீயே கேட்டுக்கிட்டிருக்க. நாங்க எப்பத்தான் தம்பி கேக்குறது?"

"கடைசியா ஒரு பரீட்சை இருக்குக்கா. எல்லாருக்கும் முன்னால நடக்கும். பொதுமக்கள் யார் வேணும்னாலும் வந்து என்னையக் கேள்வி கேக்கலாம். விதியே இருக்கு."

"நானுமா?"

"நீங்கதான்க்கா முதல்ல கேக்கணும்."

அக்கா சிரிக்கவில்லை. "சேதி சொல்லு, வாரேன்" என்றார்.

பொது வாய்மொழித் தேர்வுக்கு ஒரு பதிவேடு உண்டு. பெயர், முகவரி, வினா, கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். குறைந்தது பத்துப் பேர் வர வேண்டும், குறைந்தது நான்கு கேள்விகள் எழுப்பப்பட வேண்டும், கேள்விகளையும் பதில்களையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் துறையில் யாரும் வந்ததும் இல்லை, எழுப்பியதும் இல்லை. அதனால் முன்னால் பட்டம் வாங்கியவரின் பதிவேட்டைப் பார்த்து அடுத்தவர் எழுதிக்கொள்வது வழக்கம். 'இவ்வாய்வின் எதிர்கால வாய்ப்புகள் யாவை?' என்பதில் தொடங்கும் அந்த நான்கு கேள்விகள் துறை தொடங்கிய நாளிலிருந்து மாறவில்லை. பெயர்களும் மாறவில்லை. பட்டியலில் கடைசியாக இருந்த சின்னக்கருப்பு எங்கள் பழைய காவலாளி. இறந்து நான்கு வருடம். இறந்த பிறகு ஏழு வாய்மொழித் தேர்வுகளில் கலந்துகொண்டு, ஏழிலும் ஆராய்ச்சி முறையியல் பற்றி வினா எழுப்பியிருக்கிறார். என்னுடையது எட்டாவது.

தேதி முடிவானதும் பேராசிரியரிடம் மெதுவாகச் சொன்னேன். "சார், காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு அக்கா வரேன்னாக. தரவு குடுத்தவுக."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு வரும்.

"அப்சல், நான் இருபத்தாறு வருஷமா ஆராய்ச்சியில இருக்கேன். ஒண்ணு புரிஞ்சிக்கங்க. தரவு தாள்ல இருக்கிற வரைக்கும்தான் தரவு. அது எந்திரிச்சு நடந்து ஹாலுக்குள்ள வந்தா பிரச்சினை. நாளைக்கு வெளித்தேர்வாளர் அந்தம்மாவைப் பாத்து, 'நீங்க நின்னுக்கிட்டா சாப்பிடுறீங்க'ன்னு கேட்டு, அவங்க 'இல்ல'ன்னு சொல்லிட்டா? உங்க நாலாவது அத்தியாயம் என்ன ஆகும்? என் மேற்பார்வை என்ன ஆகும்? என் வழிகாட்டிக்கு நான் ஒன்பது வருஷம் வைகை அணை மீன் வாங்கிக் குடுத்தேன். ஒரு நாள்கூட அவர் என்கிட்ட ஆய்வைப் பத்திக் கேட்டதில்ல. அந்த நம்பிக்கை இருக்கே, அதுதான் கல்வி. வெளித்தேர்வாளருக்குக் கடைச் சாப்பாடு ஆகாது, ஞாபகம் இருக்கட்டும். ஆட்டுக்கறி. எலும்பு கம்மியா."

அக்காவுக்குச் சேதி சொல்லாமல் விட்டேன். ஆனால் அதற்கு முன்பே அக்கா, தன் மகனின் செல்போனில் எங்கள் துறை அறிவிப்பைப் பார்த்திருந்தார். 'பொதுமக்கள் அனைவரும் வருக' என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த வரியை நம்பி வந்த முதல் ஆள் அவர்தான்.

தேர்வு அன்று காலை ஏழு மணிக்குத் துறையின் பின்புறம், இருசக்கர வாகனக் கொட்டகைக்குப் பக்கத்தில், புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து பேருக்குச் சமைக்க வேண்டும். எட்டரை மணிக்கு அக்கா வந்தார். கம்பம் வந்து பஸ் மாறித் தேனிக்கு வந்திருக்கிறார். திருவிழாவுக்குக் கட்டும் மாம்பழக் கலர்ப் பட்டு, தலையில் பூ, கையில் ஒரு பை நிறைய பன்னீர் திராட்சை.

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பரீட்சைக்குப் போற பிள்ள வெங்காயம் உரிக்குதாக்கும்?"

"இதுவும் பரீட்சையில சேர்த்திதான்க்கா."

"இதுக்கு எம்புட்டு மார்க்கு?"

"இதுக்குத்தான் மார்க்கே."

அவர் திராட்சைப் பையைக் கொட்டகைத் தூணில் மாட்டினார். பட்டுச் சேலையின் முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். "நகரு. நீ உரிக்கிற லச்சணத்துக்குச் சாயங்காலம் ஆயிரும்." நான் பத்து வெங்காயம் உரிப்பதற்குள் முப்பது உரித்தார். கறி கழுவினார். நான் தாளித்தபோது புகை கண்ணில் படாமல் ஒரு தகரத்தைச் சாய்த்துப் பிடித்தார். "கேக்க வேண்டியதப் பஸ்ஸிலயே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. பயந்துக்கிறாத" என்றார்.

பத்து மணிக்குப் பேராசிரியர் வெளித்தேர்வாளரை அழைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். வேறு துறைகளில் விருந்தினருக்கு நூலகத்தைக் காட்டுவார்கள். வெளித்தேர்வாளர் பிரியாணி தேக்சாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இவங்க யாரு?" என்றார்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். அக்கா எழுந்து, செருகியிருந்த முந்தியை எடுத்துவிட்டு, கும்பிடக் கைகளைச் சேர்த்திருந்தார். விரல்களில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.

"சமையலுக்கு வந்தவுக சார்" என்றேன்.

பேராசிரியருக்குப் பயந்து சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. வெளித்தேர்வாளர் கோட்டுப் போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு முன்னால், இந்த அம்மாவும் நானும் ஒரே வேலையை ஒரே மாதிரிச் செய்துகொண்டு நின்றோம். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் சமையல் ஆள் ஆக வேண்டியிருந்தது.

அக்கா கைகளை இறக்கிக்கொண்டார். முந்தியை மறுபடி செருகிக்கொண்டு, கரி அள்ளி மூடியின் மேல் போடத் தொடங்கினார். நான் கை கழுவிவிட்டு ஹாலுக்குப் போனேன்.

ஹாலில் முப்பது நாற்காலிகள் கிடந்தன, ஒன்பது பேர் இருந்தார்கள். வெளித்தேர்வாளர் மூன்று கேள்விகள் கேட்டார். ஆய்வேட்டில் மொத்தம் எத்தனை பக்கம், எத்தனை அட்டவணை, முக்கியமான கண்டுபிடிப்பு எது? அட்டவணை 4.7ஐத் திரையில் காட்டினேன். அவர் நெகிழ்ந்துவிட்டார்.

"நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள்! நாம் எல்லோரும் தலைகுனிய வேண்டிய விஷயம். உழைக்கிற பெண் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை என்றால், நாம் படித்து என்ன பயன்? இந்தச் சிந்தனையோடு நாம் உணவுக்குக் கலையலாம் என்று நினைக்கிறேன். ஆறிவிடும்."

பேராசிரியர், "பொதுமக்கள் வினாக்கள்?" என்று கேட்டு, யாரும் வாய் திறப்பதற்கு முன், "எழுப்பப்பட்டன" என்று தானே சொன்னார். பதிவேட்டை வாங்கிப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. புதுச் சுற்றறிக்கைப்படி பொதுமக்களில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். எங்கள் பழைய பட்டியலில் பெண்ணே இல்லை. அலுவலக உதவியாளர் முத்துப்பாண்டியைக் கூப்பிட்டு, "ஒரு லேடி கையெழுத்து வாங்கிட்டு வாய்யா" என்றார்.

முத்துப்பாண்டி பதிவேட்டோடு பின்பக்கம் போனான். வேறு எங்கே போவான்? கையெழுத்துக்கு அவன் நெடுநேரம் எடுத்துக்கொண்டான். திரும்பி வந்து, "அந்தம்மா ஒவ்வொரு எழுத்தா வரையிது சார்" என்றான். யாரும் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை. மேலே உறை போட்டு, அரக்கு வைத்து, நான் முனைவர் பட்டத்துக்குத் தகுதி பெற்றேன் என்று அறிவித்தார்கள். மாலை போட்டார்கள்.

பந்தியில் அக்காதான் பரிமாறினார். நான் வெளித்தேர்வாளருக்குப் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். என் இலைக்கு வந்ததும், மற்றவர்களுக்கு வைத்த அதே அளவு வைத்துவிட்டு நகர்ந்தார். வெளித்தேர்வாளர், "எலும்பே இல்ல. பிரமாதம்" என்றார். பேராசிரியர், "என் வழிகாட்டல்" என்றார்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது கொட்டகைத் தூணில் சாய்ந்து அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேக்சா மூடியில் அடிச்சோறு கொஞ்சம். நின்றபடி. இங்கே தரையில் மருந்து எதுவும் கிடையாது. நான் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அக்கா கை கழுவிவிட்டு, "மூணு மணிப் பஸ்ஸப் பிடிக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். திராட்சை தூணிலேயே தொங்கியது.

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே அத்தா மகனுக்காக ஒரு பேனர் வைத்தார். 'எங்கள் குடும்பத்தின் முதல் முனைவர்.' மீன் கடைக்காரர்கூட என்னை டாக்டர் என்று கூப்பிட்டு, முட்டு வலிக்கு மருந்து கேட்டார்.

ஐந்து வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. 'பொது வாய்மொழித் தேர்வின் பதிவேட்டில் வினா எண் 1 முதல் 4 வரை பதில்கள் இணைக்கப்பட்டுள்ளன. வினா எண் 5க்குப் பதில் இல்லை. ஆய்வாளர் தமது பதிலை ஐம்பது சொற்களுக்கு மிகாமல் மூன்று பிரதிகளில், வழிகாட்டியின் சான்றொப்பத்துடன் அனுப்பவும். அதுவரை பட்டம் நிறுத்தி வைக்கப்படுகிறது.' பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருந்தார்கள். சின்னக்கருப்பின் கேள்விக்குக் கீழே, கோணலான பெரிய எழுத்தில் இருந்தது:

'மொக்கம்மாள். காமயகவுண்டன்பட்டி. என்னய ஏன் சமையல்காரின்னு சொன்ன.'

பேராசிரியர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குத்தான் சொன்னேன், தரவை உள்ள விடாதீங்கன்னு. போகட்டும். 'களப்பணியின்போது ஏற்பட்ட வகைப்பாட்டுப் பிழை' அப்படின்னு எழுதுங்க. ஒத்துக்குவாங்க."

"பிழை இல்ல சார். தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அப்ப என்ன எழுதப்போறீங்க?"

எழுதிக்கொண்டு வந்ததைக் கொடுத்தேன். ஒரே வரி. 'உங்களைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.'

அவர் சிவப்பு மையை எடுத்தார். "ஆய்வு நடையே இல்ல. வெட்கத்துக்கு என்ன வரையறை? யார் சொன்ன வரையறை? மேற்கோள் எங்க? இதுல நான் கையெழுத்துப் போட்டா, ஏழு பேருக்குப் பட்டம் வாங்கிக் குடுத்த என் பேரு என்ன ஆகும்?" பிறகு குரலைத் தணித்தார். "ஒரு வழி இருக்கு. அந்தம்மாகிட்டப் போய், வினாவைத் திரும்பப் பெறுகிறேன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. போகும்போது எதாவது வாங்கிட்டுப் போங்க. சும்மா போகாதீங்க."

அடுத்த அறையில் புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் காத்திருந்தார். கையில் ஆய்வுத் தலைப்பும், ஒரு பை மீனும்.

நான் சும்மாதான் போனேன். பந்தலுக்கு அடியில் அக்கா அண்ணாந்து கொத்துக் கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை இறக்கவில்லை. கடிதத்தையும் பேராசிரியர் சொன்ன வழியையும் விளக்கினேன்.

"அப்ப நான் கேட்டதுனாலதான் பட்டம் நிக்குதாக்கும்?"

"ஆமாக்கா."

"பெரிய பெரிய கேள்வியெல்லாம் கேட்டாகளே, அதுல நிக்கலையா?"

"அதெல்லாம் நானே எழுதுனதுக்கா."

அவர் ஒரு வீண் காயைக் கிள்ளிப் போட்டார். "திரும்ப வாங்குறேன்னு எழுதச் சொல்றாகளா?"

"ஆமா."

"கேட்டது கேட்டதுதான். பதில் தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்."

"பெறகென்ன?"

பையிலிருந்து மூன்று பிரதிகளையும் எடுத்து நீட்டினேன். சிவப்பு மை அடித்தது ஒன்று, அடிக்காதது இரண்டு. அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரே வரிதான். ரொம்ப நேரம் ஆனது. மூன்றும் ஒன்றுதானா என்று மூன்றையும் வாசித்துச் சரிபார்த்தார். எங்கள் துறையில் யாரும் அவ்வளவு கவனமாக எதையும் வாசித்து நான் பார்த்ததில்லை.

வாசித்து முடித்து, மூன்றையும் மடித்துத் தூக்குவாளிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அக்கா, அது ஆபீசுக்கு."

"கேட்டது நானு. ஆபீசுக்கு எதுக்கு?"

"பரீட்சைக்கு வேற ஒண்ணு கேக்க வந்தீகளே, அது என்னக்கா?"

"அத உன்ட்டக் கேட்டு ஒண்ணும் ஆகாது" என்று மறுபடி அண்ணாந்தார். "நீ போ. மருந்தடிக்க ஆள் வந்துருச்சு. இங்கன நிக்காத."

மன்னித்தார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆதாரம் இல்லாததை எழுதக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான்காவது பிரதி எழுதவில்லை. இப்போது ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இரவு வேலை. அத்தா பேனரை இறக்கி, எழுத்து உள்ளே போகும்படி மடித்து, மழைக்கு வண்டியை மூட வைத்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் மட்டும் மாதம் தவறாமல் நினைவூட்டல் அனுப்புகிறது: 'வினா எண் 5க்கான பதில் உரியவரிடம் இன்னும் வந்து சேரவில்லை.'

சேர்ந்துவிட்டது.